எரிக்க வேண்டியது ஏட்டையா, நஞ்சையா?

(கல்முனையில் ஆசிரியர்களும் வைத்தியர்களும் வேளாண்மை செய்வோரும் கூடிய வாசகர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை.)



இன்று பேசுமாறு எனக்குப் பணிக்கப்பட்ட பொருள் இது: புகழ்பெற்ற பழைய நாவல்களிலும் நாடகங்களிலும் ஆபத்தான விஞ்ஞானக் கண்டுபிடிப்புகள் பல வருகின்றன. அவற்றைக் காப்பாற்றி வைத்தல் முறையா, அழித்துவிடுதல் முறையா?

கதையில் வரும் கண்டுபிடிப்பைக் காத்தால் என்ன, எரித்தால் என்ன, நமது வட்டைக்கு அதனால் தண்ணீர் கூடப்போகிறதா என்று சம்மாந்துறையிலிருந்தோ நிந்தவூரிலிருந்தோ வந்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கேள்வி கதைக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. அது நமது வயல் வரம்பில் நிற்கிறது; நமது வீட்டுத் தாழ்வாரத்திற் போத்தலாக இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளக் கதைகள் நமக்கு உதவும். ஆகவே முதலில் நான்கு கதைகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 1818ஆம் ஆண்டில் மேரி ஷெல்லி என்ற ஆங்கிலப் பெண்மணி வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்'. விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் இளைஞன் உயிரற்ற உடலுக்கு உயிரூட்டும் இரகசியத்தைக் கண்டுபிடிக்கிறான். ஓர் உருவத்தைச் செய்து உயிர் கொடுக்கிறான். அதன் முகத்தைக் கண்டதும் அஞ்சி ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அந்த உயிர் துணை கேட்டு மன்றாடுகிறது. அவன் இசைந்து ஒரு பெண்ணுருவைச் செய்யத் தொடங்கி, பாதியிலே அதைப் பிய்த்தெறிகிறான். மரணத் தறுவாயில் நண்பன் கேட்டபோதும் இரகசியத்தைச் சொல்ல மறுத்துவிடுகிறான். அழித்தலே வழி என்பது அவன் கண்ட முடிவு.

இரண்டாவது, எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்'. உடலை மறையச் செய்யும் வித்தையைக் கண்டவன் இறுதியில் அடித்துக் கொல்லப்படுகிறான். அவனுடைய மூன்று குறிப்பேடுகள் எங்கே? விடுதி நடத்தும் மாவல் என்னும் முன்னாள் நாடோடி அவற்றை ஒளித்து வைத்திருக்கிறான். ஞாயிறுதோறும் கதவைப் பூட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டுகிறான். ஓர் எழுத்தும் விளங்குவதில்லை. விளங்கக்கூடிய வைத்தியர் ஏடுகளைத் தேடி அலைகிறார். விளங்காதவன் கையில் அவை இருக்கின்றன.

மூன்றாவது, செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகம். 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்குத் தந்த நாடகம் இதுவே. மனிதனுக்குப் பதிலாக வேலை செய்யும் செயற்கை மனிதர்கள் பெருகுகிறார்கள். மனித குலத்திற் பிள்ளைப்பேறே நின்றுபோகிறது. இதைப் பொறாத ஹெலெனா என்னும் பெண் அந்த இரகசியம் எழுதப்பட்ட மூலக் கையெழுத்துப் பிரதியை அடுப்பிலிட்டு எரித்துவிடுகிறாள். அவள் நோக்கம் கருணை. ஆனால் ரோபோக்கள் கலகஞ் செய்து ஆலையைச் சூழ்ந்தபோது, அந்தப் பிரதியைக் கொடுத்தாவது உயிர் தப்பலாம் என்று உள்ளிருந்தவர்கள் நம்புகிறார்கள். தேடினால் சாம்பல்தான் மிச்சம்.

நான்காவது, சுவிஸ் நாடகாசிரியர் பிரீட்ரிக் டூரன்மட்டின் 'பௌதிகவியலாளர்'. 1962இல் மேடையேறியது. தன் கண்டுபிடிப்பு உலகை அழித்துவிடும் என்றஞ்சிய மேதை ஒருவன் பைத்தியக்காரனாக நடித்து மனநோய் விடுதியிற் புகுந்துகொள்கிறான், தாள்களையெல்லாம் எரித்துவிடுகிறான். ஆனால் விடுதியின் தலைமை வைத்தியர் அவற்றை முன்னரே பிரதி எடுத்துவிட்டாள். அவன் செய்த தியாகம் முழுவதும் வீணாகிறது.

இந்த நான்கையும் ஒருங்கே வைத்து நோக்குங்கள். பிராங்கன்ஸ்டைன் அழித்தான், அழிவு நிற்கவில்லை. மாவல் ஒளித்தான்; ஆபத்து அப்படியே இருக்கிறது. ஹெலெனா எரித்தாள், தேவைப்பட்ட வேளையிற் கைப்பிடியும் போயிற்று. மேதை எரித்தான், பிரதி வேறொருத்தி கையில் இருந்தது. நான்கிலும் பொதுவாக இருப்பது ஒன்றே. கண்டுபிடித்தவன் தனியே கண்டுபிடிக்கிறான். முடிவெடுப்பவரும் தனியே முடிவெடுக்கிறார். பூட்டிய அறைக்குள் ஒருவர் தீர்மானிக்க, அதன் பலனை ஊரார் அனுபவிக்கின்றனர். பிராங்கன்ஸ்டைன் உயிரைப் படைத்ததை விட, படைத்ததைக் கைவிட்டதும் எவரிடமும் சொல்லாமல் மறைத்ததும் பெரிய குற்றங்கள் என்றே நான் கருதுகிறேன்.

இனிக் கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம்.

1909இல் பிரிட்ஸ் ஹாபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி காற்றிலுள்ள நைதரசனை ஐதரசனுடன் இணைத்து அமோனியா ஆக்கிக் காட்டினார். இன்று நமது வயலில் வீசும் யூரியா அதன் வழி வந்தது. அதே ஹாபரே 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையிற் குளோரின் நச்சுவாயுத் தாக்குதலை முன்னின்று நடத்தினார். 1918ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசும் அவருக்கே கிடைத்தது. சோறும் சாவும் ஒரே அறிவிலிருந்து வந்தன.

1936இல் ஜெர்ஹார்ட் ஷ்ராடர் என்னும் மற்றொரு ஜெர்மன் இரசாயனவியலாளர் பயிரைத் தின்னும் பூச்சிகளைக் கொல்ல மருந்து தேடினார். அவர் கையில் அகப்பட்டது 'தபூன்' என்ற நரம்பு நஞ்சு. ஹிட்லரின் இராணுவம் அதைத் தனதாக்கி இரகசியமாகத் தயாரித்தது. ஷ்ராடர் தொடர்ந்து ஆராய்ந்து 'பரத்தியன்' என்ற பூச்சிகொல்லியையும் ஆக்கினார். போர் முடிந்த பின்னர் அது உலகெங்கும் வயல்களுக்குச் சென்றது, இலங்கைக்கும் வந்தது. போர்க்களத்து நஞ்சுக்கும் வரம்போரத்து மருந்துக்கும் ஒரே குடும்பப் பெயர்: சேதனப் பொசுபரசுச் சேர்வைகள்.

இங்கேதான் நமது கேள்வி உயிர் பெறுகிறது. சேனநாயக்க சமுத்திரத்து நீர் பாய்ந்து, பெரும்போகமும் சிறுபோகமும் விளையும் அம்பாறை மாவட்டம் நாட்டுக்குச் சோறு போடும் மாவட்டங்களுள் ஒன்று. அதிக விளைச்சல் தரும் நெல்லினங்கள் வந்தன. அவற்றோடு பசளையும் கிருமிநாசினியும் வந்தன. விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் அந்தப் போத்தல்கள் வயலோடு நிற்கவில்லை, வீட்டுக்குள்ளும் வந்தன. கடன் நெருக்குதல், குடும்பச் சச்சரவு, ஒரு கண நேர ஆத்திரம் இவற்றால் மனம் உடைந்தவருக்கு எட்டும் தூரத்தில் நஞ்சு இருந்தது. 1995இல் இந்நாட்டிலே இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அது உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாகும். பெரும்பாலானவை நஞ்சருந்திய சாவுகள். மாண்டோரில் இளைஞர் பலர்.

அத்தகைய எண்ணம் பெரும்பாலும் ஒரு வேகத்தில் எழுவது. சில நிமிடங்களிலோ சில மணித்தியாலங்களிலோ தணிவது. அந்த வேளையைக் கடந்து பிழைத்தவருட் பெரும்பாலோர் பின்னர் வாழ்ந்தே இருக்கின்றனர். ஆகவே அந்த வேளையிற் கையில் அகப்படும் நஞ்சு எத்துணைக் கொடியது என்பதே உயிரையும் சாவையும் பிரிக்கும் கோடாகிறது.

அரசாங்கம் என்ன செய்தது? 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. எந்த நஞ்சு நாட்டுக்குள் வரலாம், எது வரலாகாது என்று தீர்மானிக்கும் பொறுப்புப் பீடைகொல்லிப் பதிவாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1984இல் பரத்தியனும் மெதைல் பரத்தியனும் தடைசெய்யப்பட்டன. 1995இல், உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடியவை என வகுத்த முதல் வகுப்பில் எஞ்சியிருந்த மெதமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ் ஆகியவை நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தை எண்டோசல்பன் பிடித்தது. அதனாலும் சாவுகள் பெருகவே 1998இல் அதுவும் நிறுத்தப்பட்டது. பின்னர் 2008 முதல் 2011 வரை பரகுவட், டைமெத்தோயேட், பென்தியன் மூன்றும் படிப்படியாக விலக்கப்பட்டன.

பலன் என்ன? 2005 அளவில் இலட்சத்துக்கு 47 என்ற அந்த எண் ஏறத்தாழ 24 ஆகக் குறைந்தது. அதன் பின்னரும் இறங்கியது. 1995க்கும் 2015க்கும் இடையே சுமார் 93,000 உயிர்கள் இத்தடைகளால் காக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். விளைச்சல் விழுந்ததா? இத்தடைகளால் நெல் விளைவு குறைந்ததற்கான அடையாளத்தை ஆய்வுகள் காணவில்லை. கொடிய மருந்துக்குப் பதிலாக அதே வேலையைச் செய்யும், ஆபத்துக் குறைந்த மருந்து கடையில் இருந்தது. காரணம் அதுவே.

'போத்தலைப் பூட்டி வைத்தாற் போதாதா, ஏன் தடை?' என்று கேட்போர் உண்டு. அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், 50,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை உள்ளடக்கிப் பேராய்வொன்று நடந்தது. பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுப்பெட்டிகள் வழங்கப்பட்டன. 2017இல் வெளியான முடிவு, பெட்டி வழங்கிய கிராமங்களில் நஞ்சருந்துதல் குறைந்ததற்குச் சான்றில்லை என்பதே. மாவலின் வழி இங்கும் தோற்றது. சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமலிருக்கப் பூட்டு வேண்டியதே. ஆனால் உள்ளே இருப்பது பரத்தியனாயின் பூட்டை நம்பி உறங்க முடியாது.

அப்படியாயின் பரத்தியனைப் பற்றிய அறிவையும் எரித்துவிடலாமே என்று ஒருவர் வாதிக்கலாம். ஆகாது. ஏன் என்று சொல்கிறேன். நரம்பு தசைக்கு ஏவல் சொல்லும்போது ஓர் இரசாயனம் சுரக்கிறது. ஏவல் முடிந்ததும் ஒரு நொதியம் அதைத் துடைத்துவிடுகிறது. சேதனப் பொசுபரசு நஞ்சு அந்த நொதியத்தை முடக்குகிறது. ஏவல் ஓயாமல் தொடர, சுவாசக் குழாயில் நீர் நிரம்பி மூச்சு முட்டுகிறது. இது தெரிந்ததனால்தான் வைத்தியர் அற்றோபின் என்ற மருந்தை ஏற்றி நோயாளியை மீட்கிறார். அந்த அற்றோபின் நமது வேலியோரத்து ஊமத்தையிலும் இருக்கின்ற நஞ்சு. நஞ்சின் இயல்பை எழுதிய ஏட்டை எரித்திருந்தால் வைத்தியர் இருட்டில் நின்றிருப்பார். ஏட்டைக் காத்தோம், பொருளை விலக்கினோம். நாம் பிழைத்தது அந்த இரண்டையும் ஒருங்கே செய்ததனால்.

இதே கேள்வி உலக அரங்கிலும் நிற்கிறது. பெரியம்மை நோய் ஒழிந்துவிட்டதென 1980இல் உலக சுகாதார சபை அறிவித்தது. அதற்கு ஈராண்டுகட்கு முன், 1978இல், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர ஆய்வுகூடத்திலிருந்து தப்பிய அம்மைக் கிருமி, அதே கட்டடத்திற் பணியாற்றிய பெண்மணி ஒருவரைக் கொன்றது. இன்று அக்கிருமி அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கொல்ட்சோவோவிலும் மட்டுமே முறைப்படி வைக்கப்பட்டுள்ளது. அழித்துவிட நாள் குறித்தார்கள்; பலமுறை தள்ளிப்போட்டார்கள். புதிய மருந்துகளைச் சோதிக்க அது வேண்டும் என்பது ஒரு கட்சி. ஆனால் கிருமியின் மரபெழுத்து முழுவதும் முன்னரே பதிவாகி வெளிவந்துவிட்டது. கனடா நாட்டு ஆய்வாளர்கள் அதன் உறவான குதிரையம்மைக் கிருமியைச் செயற்கையாகக் கட்டியெழுப்பி 2018இல் வெளியிட்டனர். ஆகவே குப்பியைக் காப்பதால் வரும் நன்மை குறைந்துகொண்டே போகிறது, ஆபத்து குறையவில்லை. குப்பியை அழிக்கலாம், ஏட்டைப் பேணலாம் என்பதே எனது கருத்து.

தடை என்றால் எல்லாம் நன்மையே என்று நான் சொல்ல வந்ததாக எவரும் கொள்ளவேண்டாம். அதற்கு மறுதலையான பாடத்தையும் இந்த மண் கற்றது. 2021 மே 6ஆம் நாள் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. இரசாயனப் பசளை முழுவதும், பீடைகொல்லிகள் முழுவதும் இறக்குமதி செய்யத் தடை. எது கொடியது, எது தேவையானது என்ற பாகுபாடு இல்லை. மாற்றுப் பசளை ஆயத்தமாக இல்லை. நிலம் எவ்வளவு, சேதனப் பசளை எவ்வளவு வேண்டும் என்று வட்டைக்கு வந்து கேட்டவர் இல்லை. விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். நவம்பரில் தடை தளர்ந்தது. ஆனால் பருவம் காத்திருக்குமா? 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் நாடளாவிய முறையில் முன்னைய பெரும்போகத்தைவிட மூன்றிலொரு பங்குக்கும் மேலாக வீழ்ந்தது. அரிசி விளைந்த நாடு அரிசிக் கப்பலை எதிர்பார்த்து நின்றது.

மண்ணையும் நீரையும் காக்க வேண்டும் என்ற நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஹெலெனாவின் நோக்கமும் கருணைதான். ஆனால் கருணையுள்ளவள் எரித்தாலும் சாம்பல் சாம்பலே. 1984 முதல் 2011 வரை வந்த தடைகளையும் 2021இன் தடையையும் ஒப்பிடுங்கள். முன்னவை வைத்தியசாலைச் சாவுக் கணக்கைப் பார்த்து, ஒவ்வொரு நஞ்சாக எடைபோட்டு, மாற்று உண்டா என்று கண்டு, படிப்படியாகச் செய்யப்பட்டவை. எண்டோசல்பன் தவறாகப் புகுந்தபோது கணக்கு அதைக் காட்டிற்று. மூன்றே ஆண்டுகளில் திருத்த முடிந்தது. பின்னது ஒரே பேனா வீச்சு. இரண்டும் தடைகள்தாம்; ஒன்று உயிரைக் காத்தது, மற்றொன்று உலையை அணைத்தது. வேறுபாடு ஆராய்ச்சியிலும் கலந்தாலோசனையிலும் கிடக்கிறது.

ஆகவே எனக்குத் தரப்பட்ட கேள்விக்கு என் விடை இது. கண்டறிந்த அறிவை அழிக்க முடியாது, அழிக்கவும் கூடாது. அந்த அறிவினாற் செய்யப்பட்ட பொருள் மக்களைக் கொல்வதாயின், அதன் வேலையைச் செய்ய வேறொன்று இருக்கும்போது, அதை நாட்டிலிருந்து நீக்குவது அரசாங்கத்தின் கடமை. எதை நீக்குவது, எதை வைப்பது என்ற முடிவு பூட்டிய அறையில் எடுக்கப்படலாகாது.

இந்தக் கடைசிப் பகுதி நமக்குரிய அரசியல். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. நமது உழவன் கையிலுள்ள போத்தலில் என்ன இருக்கிறது, அது ஏன் அனுமதிக்கப்பட்டது, நேற்றிருந்த மருந்து இன்று ஏன் விலக்கப்பட்டது என்பவற்றைத் தமிழில், விளங்கும் தமிழில் அறிவது சலுகை அன்று, உரிமை. விளங்காத எழுத்தைக் கையில் வைத்திருப்பவன் மாவலைப் போன்றவன். ஏடு அவனிடம் இருக்கிறது. அறிவு அவனிடம் இல்லை.

எனவே இங்குள்ள ஒவ்வொரு தரப்பாரிடமும் ஒரு வேண்டுகோள். வைத்தியர்களே, எந்த நஞ்சால் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற கணக்கை மறவாமற் பதியுங்கள்; 93,000 உயிர்கள் தப்பியது அத்தகைய கணக்கினால். விவசாயப் போதனாசிரியர்களே, ஆசிரியர்களே, அந்த அறிவைத் தமிழில் எழுதி, வட்டைக் கூட்டத்திலும் பாடசாலையிலும் வாசித்துக் காட்டுங்கள். வேளாண்மைச் சகோதரர்களே, விற்பனைப் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். உள்ளிருக்கும் மருந்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஒரு போகத்துக்கு வேண்டியதற்கு மேல் வீட்டில் வைக்காதீர்கள். மனமுடைந்து நிற்கும் பிள்ளையோ அயலவரோ இருந்தால் தனியே விடாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். கமநல சேவை நிலையத்தில் உங்கள் அமைப்புக்கு உள்ள குரலை மௌனமாக விட்டுவிடாதீர்கள்.

நமது பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. பசளையைப் பற்றியோ நஞ்சைப் பற்றியோ இனியொரு வர்த்தமானி வரும்போது, அதற்கு முன்னர் நெல் விளையும் மாவட்டங்களிற் பகிரங்க விசாரணை நடக்க வேண்டும். காரணங்கள் சிங்களத்தோடு தமிழிலும் வெளியாக வேண்டும். மாற்று என்ன, எப்போது வரும் என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும். பாராளுமன்றத்தில் இதைக் கேட்கும்வரை அவர்களை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.